உயிர் பிழைத்த மகனுக்கு இட்லி இறங்கவில்லை

கேள்வி: என் மகனுக்கு 24 வயது. மக்காச்சோள மூட்டையில் வண்டு விழாமல் இருக்க வைக்கிற மாத்திரையை இரண்டு மாதத்துக்கு முன் விழுங்கிவிட்டான். ஒன்பது நாள் ஐ.சி.யூ.வில் கிடந்து பிழைத்து வந்தான். வீட்டுக்கு வந்து இரண்டு வாரம் நன்றாகத்தான் சாப்பிட்டான். பிறகு சோறு நெஞ்சில் நிற்கிறது என்றான். இப்போது இட்லியைப் பாலில் கரைத்துக் கொடுத்தால்தான் இறங்குகிறது. ஒன்பது கிலோ குறைந்துவிட்டான். டவுனில் ஒரு டாக்டர் டியூப் விட்டுப் பார்த்து, "உணவுக்குழாய் சுருங்கிவிட்டது, பலூன் வைத்து விரிக்க வேண்டும், பல தடவை வர வேண்டியிருக்கும்" என்றார். கிழிந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது. போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று மாத்திரை விஷயத்தை அவரிடம் சொல்லவில்லை. அல்சர் என்று சொல்லிவைத்தோம். எங்கள் தெருவில் பருத்திக்கு அடிக்கிற மருந்தைக் குடித்துப் பிழைத்த ஒருவர் இன்று பிரியாணி சாப்பிடுகிறார். என் மகனுக்கு மட்டும் ஏன் இப்படி? விஷம் இன்னும் உள்ளே ஒட்டிக்கொண்டிருக்கிறதா? தொக்கம் எடுத்தால் சரியாகும் என்கிறார் என் நாத்தனார். பின்னாளில் புற்றுநோய் வரும் என்றும் சொல்கிறார்கள். என்ன செய்வது?

— ம. செ., பெரம்பலூர் மாவட்டம்

பதில்: அம்மா, உங்கள் தூக்கத்தைக் கெடுக்கிற கேள்விக்கு முதலில் விடை சொல்லிவிடுகிறேன். விஷம் உள்ளே ஒட்டிக்கொண்டிருக்கவில்லை. அந்த மாத்திரை (அலுமினியம் பாஸ்பைடு) ஈரம் பட்டால் பாஸ்பீன் என்ற நச்சுவாயுவை விடும். வாயு போனபின் மிஞ்சுவது சாம்பல் நிறப் பொடி. அது எப்போதோ மலத்தோடு வெளியேறியிருக்கும். இதயத்தையும் ஈரலையும் தாக்கும் அந்த விஷத்திலிருந்து உங்கள் மகன் மீண்டுவிட்டார். பெரிய கண்டம் அதுதான், அது தாண்டியாகிவிட்டது. இப்போது வழியை அடைப்பது ஆறிய புண்ணின் தழும்பு. தழும்பை விரிக்க வைத்தியம் இருக்கிறது. இப்படி வருகிறவர்களில் பெரும்பாலோர் மறுபடி குடும்பத்தோடு உட்கார்ந்து சோறு சாப்பிடுகிறார்கள். ஆனால் ஒரே நாளில் முடிகிற வேலை இல்லை இது. "பல தடவை வர வேண்டியிருக்கும்" என்று அந்த டாக்டர் சொன்னாரே, அவர் சொன்னதிலேயே முக்கியமான வாக்கியம் அதுதான். நீங்கள் பலூனைக் கண்டு பயப்படுகிறீர்கள். நான் பயப்படுவதெல்லாம் நாலாவது தடவைக்கு நீங்கள் வராமல் போவதற்குத்தான்.

தெருக்காரருக்கு வராதது உங்கள் மகனுக்கு ஏன் வந்தது என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கேள்வி. பருத்திக்கு அடிக்கிற பூச்சிமருந்துகள் பலவும் ஆர்கனோ பாஸ்பேட் வகை (நரம்பைத் தாக்கும் வகை). வாயில் நுரை தள்ளும், மூச்சு முட்டும், கண்பாவை சுருங்கும். அந்தக் கட்டத்தைத் தாண்டிவிட்டால் உணவுக்குழாயில் பெரிய தழும்பு விழுவது அபூர்வம். களைக்கொல்லிகளில் சில வாயையும் குழாயையும் புண்ணாக்கும். கழிவறை கழுவும் ஆசிட் குழாயை நெடுக வெந்துபோகச் செய்யும், இரைப்பையின் வாசலையும் சேர்த்து அடைத்துவிடும். மாத்திரையின் குணம் வேறு. உணவுக்குழாய் சுமார் 25 சென்டிமீட்டர் நீளமுள்ள சதைக்குழாய். அதில் இயற்கையாகவே மூன்று இடங்கள் குறுகலானவை: தொண்டை முடிகிற இடம், பெரிய ரத்தக்குழாய் வளைந்து அழுத்துகிற நெஞ்சு நடு, வயிற்றுக்குள் நுழைகிற இடம். மாத்திரை இவற்றில் ஒன்றில் ஒட்டி நின்றால் நின்ற இடத்திலேயே சுவரைப் புண்ணாக்கிவிடும். இதில் ஒரு நல்லதும் உண்டு. ஆசிட் குடித்தவருக்குக் குழாய் நெடுகச் சுருங்கியிருக்கும். மாத்திரையால் வருவது பெரும்பாலும் ஓரிடத்தில், குறைந்த நீளத்தில் இருக்கும். குட்டையான சுருக்கம் விரிப்பதற்குச் சுலபம்.

இரண்டு வாரம் நன்றாகச் சாப்பிட்டவருக்குப் பிறகு ஏன் அடைத்தது? முதல் வாரத்தில் அங்கே இருந்தது பச்சைப் புண். வழி திறந்துதான் இருக்கும், வலிதான் இருக்கும். அடுத்த ஒன்றிரண்டு வாரத்தில் புண் ஆறத் தொடங்கி, நார்த்திசு (தழும்பை உண்டாக்கும் கெட்டியான சதை) வளரும். மூன்றாவது வாரம் முதல் அந்த நார் சுருங்கும். அடுப்பில் சுட்டுக்கொண்ட கை ஆறும்போது தோல் இழுத்துக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள். கையில் அது வெளியே தெரியும். குழாயில் உள்பக்கமாக வட்டமாக இழுத்து, நாடா போட்ட பை வாயைப்போல வழியைக் குறுக்கிவிடும். இந்த இழுப்பு ஒரே வாரத்தில் நின்றுவிடாது, மாதக்கணக்கில் நடக்கும். மருத்துவமனையில் இருந்து அனுப்பும்போது யாரும் உங்களை ஏமாற்றவில்லை. அப்போது சுருக்கம் பிறக்கவே இல்லை. "மூன்றாவது வாரத்தில் விழுங்கச் சிரமம் வந்தால் ஓடி வாருங்கள்" என்று டிஸ்சார்ஜ் சீட்டில் ஒரு வரி எழுதியிருக்கலாம். எங்கள் தொழிலில் அடிக்கடி விட்டுப்போகிற வரி அது.

விரிப்பது எப்படி என்பதற்கு மருத்துவக் கல்லூரிப் பாடத்தைவிடப் பழைய உதாரணம் நம்மிடமே இருக்கிறது. தெற்கத்திப் பக்கம் பாம்படம் போட்ட பாட்டிகளைப் பார்த்திருப்பீர்கள். குழந்தைக்குக் காது குத்தி, துளையில் பஞ்சுத் திரி வைத்து, ஆறவிட்டு, கொஞ்சம் தடித்த திரி வைத்து, பிறகு ஈயக் குணுக்கு மாட்டி, காது தோளைத் தொடுகிறவரை பொறுமையாக வளர்த்தார்கள். அவசரப்பட்டுக் கனத்தை ஏற்றினால் காது அறுந்துபோகும். குணுக்கைக் கழற்றி வைத்துவிட்டு மறந்தால் துளை தூர்ந்துபோகும். உணவுக்குழாயை விரிப்பதிலும் சட்டம் இந்த இரண்டுதான்: அவசரம் கூடாது, இடைவெளி விட்டுவிடவும் கூடாது.

செய்முறையைச் சொல்கிறேன், தெரிந்தால் பயம் குறையும். முதலில் பேரியம் எக்ஸ்ரே (வெள்ளை மருந்துக் கரைசலைக் குடிக்கவைத்து எடுக்கும் படம்) எடுத்துச் சுருக்கம் எங்கே, எவ்வளவு நீளம், ஒன்றா இரண்டா என்று பார்ப்பார்கள். பிறகு லேசான மயக்கத்தில் எண்டோஸ்கோப்பி (வாய்வழியாக விடும் விளக்குக் குழாய்) விட்டு, சுருக்கத்தின் ஊடே மெல்லிய வழிகாட்டிக் கம்பி ஒன்றைச் செலுத்துவார்கள். அந்தக் கம்பியின்மேல் நுனி குவிந்த வழவழப்பான குழாய்களைச் சிறியதில் தொடங்கிப் பெரியதாக ஒன்றன்பின் ஒன்றாக இறக்குவது ஒரு முறை. சுருக்கத்துக்குள் பலூனை வைத்துத் தண்ணீரால் ஊத வைப்பது இன்னொரு முறை. இரண்டும் நல்ல முறைதான். எதைச் செய்வது என்பதைச் செய்கிறவர் கை முடிவு செய்யட்டும். ஒரு நாளில் தடை தட்டத் தொடங்கிய அளவுக்குமேல் மூன்று மில்லிமீட்டருக்கு அதிகமாக விரிப்பதில்லை என்பது நாங்கள் காலங்காலமாகப் பின்பற்றும் விதி. ஒரு தடவைக்கு அரை மணி நேரம் ஆகும். பெரும்பாலும் அன்று மாலையே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

உணவுக்குழாய் சாதாரணமாக இரண்டு சென்டிமீட்டர் அளவுக்கு விரிந்துகொடுக்கும். 13 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் சோறும் சப்பாத்தியும் சிக்கத் தொடங்கும். பாலில் கரைத்த இட்லிதான் இறங்குகிறது என்று நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் வழி அதைவிட நன்றாகவே குறுகியிருக்கிறது. எங்கள் இலக்கு 15 மில்லிமீட்டர். ஆரம்பத்தில் வாரம் ஒரு தடவை அல்லது இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை. பிறகு மாதம் ஒரு தடவை. பிறகு இன்னும் தள்ளி. மூன்று தடவையில் முடிகிறவர்கள் உண்டு, பத்துக்கு மேல் போகிறவர்களும் உண்டு.

இரண்டாவது, மூன்றாவது தடவையில்தான் ஆபத்தான கட்டம் வரும். அப்போது சோறு இறங்கிவிடும்! என்னிடம் வந்த ஓர் இளைஞர் மூன்றாவது தடவைக்குப் பிறகு ஆடிப் பெருக்குக்கு ஊருக்குப் போனார். கிடா வெட்டில் கறிச்சோறே சாப்பிட்டேன் என்று போனில் சந்தோஷமாகச் சொன்னார். அதன்பின் ஆளைக் காணோம். ஐப்பசிக் கடைசியில் தூக்கிக்கொண்டு வந்தார்கள். ஊசி நுழைகிற வழிதான் மிஞ்சியிருந்தது. முதலிலிருந்து தொடங்கி, அவருக்குப் பதினொரு தடவை ஆயிற்று. நல்லபடியாக முடிந்தது, ஆனால் பாதியில் முடித்திருக்கலாம். சோறு இறங்குவதைப் பார்த்து வைத்தியத்தை நிறுத்தாதீர்கள். நிறுத்தச் சொல்ல வேண்டியவர் டாக்டர்.

கிழியுமா? கிழிந்தது உண்டு. பொய் சொல்ல மாட்டேன். சாதாரணச் சுருக்கங்களில் நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவு. வெந்த தழும்பில் அதைவிடக் கூடுதல். அதனால்தான் மூன்று மில்லிமீட்டர் விதி, அதனால்தான் பல தடவை. விரித்த அன்று தொண்டையில் கரகரப்பும் லேசான நெஞ்சு வலியும் இருக்கும், மறுநாள் போய்விடும். நெஞ்சிலோ முதுகிலோ வலி கூடிக்கொண்டே போனால், காய்ச்சல் வந்தால், மூச்சு வாங்கினால், கழுத்தில் வீங்கித் தொட்டால் நறநறவென்று இருந்தால் காலைவரை காத்திருக்காமல் அதே மருத்துவமனைக்கு வந்துவிட வேண்டும். சீக்கிரம் கண்டுபிடித்த கிழிசலைப் பெரும்பாலும் சமாளித்துவிடலாம்.

ஐந்து தடவை விரித்தும் 14 மில்லிமீட்டரை எட்டவில்லை என்றால் அதைப் பிடிவாதச் சுருக்கம் என்போம். அப்போதும் கை விரிப்பதில்லை. தழும்புக்குள் ஸ்டீராய்டு ஊசி (நார் கெட்டிப்படுவதைக் குறைக்கும் மருந்து) போடுவது, சில வாரத்துக்கு ஸ்டென்ட் (வழியைத் திறந்து வைக்கும் வலைக்குழாய்) வைப்பது என்று படிகள் இருக்கின்றன. எதுவும் ஒத்துவராத சிலருக்கு, இரைப்பையையோ பெருங்குடலில் ஒரு துண்டையோ மேலே கொண்டுவந்து புது உணவுக்குழாயாக இணைக்கும் அறுவைச் சிகிச்சை உண்டு. பெரிய ஆபரேஷன்தான், ஆனால் சென்னை ஸ்டான்லி, ராஜீவ் காந்தி, மதுரை ராஜாஜி போன்ற அரசு மருத்துவமனைகளில் இதற்கான தனித்துறைகள் இருக்கின்றன. தழும்பு இழுத்து முடிய மாதங்கள் ஆகும் என்பதால் அந்தப் பேச்சை இப்போதே எடுக்க வேண்டியதில்லை. செலவுக்கு முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டு அட்டை இருந்தால் எடுத்துச் சென்று, மருத்துவமனையிலேயே இருக்கும் காப்பீட்டுப் பிரிவில் கேளுங்கள்.

இனி நீங்கள் மறைத்த விஷயம். கண்டிக்கவில்லை, உங்கள் நிலையில் பலரும் அதைத்தான் செய்கிறார்கள். ஆனால் டாக்டரிடம் நாளைக்கே உண்மையைச் சொல்லிவிடுங்கள். அமிலம் மேலேறி வரும் அல்சர் சுருக்கம் என்று நினைத்தால் அவர் கொஞ்சம் துணிச்சலாக விரித்துவிடக்கூடும். மாத்திரைத் தழும்புக்கு அந்தத் துணிச்சல் ஆகாது. இந்த விஷம் இதயத் தசையைத் தொடுவது. மயக்கம் கொடுக்கும் முன் ஈ.சி.ஜி.யும் எக்கோவும் (இதயத்தை ஒலி அலையால் பார்க்கும் சோதனை) பார்க்க வேண்டும் என்று அவருக்குத் தோன்ற வேண்டுமே. சிலருக்கு உணவுக்குழாய்க்கும் மூச்சுக்குழாய்க்கும் நடுவே துளை விழுந்துவிடுவதும் உண்டு. தண்ணீர் குடித்ததும் புரையேறி இருமல் வருகிறதா என்று கவனியுங்கள். வந்தால் பேரியம் குடிக்கும் முன்பே சொல்லிவிட வேண்டும்.

போலீஸ் பயம் பழைய பயம். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம், உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கொள்ள வேண்டும், அவரைத் தண்டிக்கக் கூடாது, அரசு அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் தர வேண்டும் என்கிறது. முயற்சியைக் குற்றமாக்கிய இந்திய தண்டனைச் சட்டத்தின் 309-வது பிரிவு, 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள புதிய சட்டத்தில் இல்லவே இல்லை. முதலில் சேர்த்த மருத்துவமனையில் பதிவு செய்திருப்பார்கள். அது வழக்கமான நடைமுறை. அதைக் காட்டி யாரும் உங்கள் மகனைச் சிறையில் வைக்க முடியாது.

நாத்தனார் நல்லெண்ணத்தில்தான் சொல்லியிருப்பார். ஆனால் தொக்கம் எடுக்கிறேன் என்று வயிற்றை அமுக்குவதும், தொண்டைக்குள் விரல் விடுவதும், உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்கவைப்பதும் வேண்டவே வேண்டாம். உள்ளே எடுப்பதற்கு எதுவும் இல்லை. சிக்கியதைத் தள்ளிவிடும் என்று வாழைப்பழத்தையோ சோற்று உருண்டையையோ விழுங்கச் சொல்வதும் அப்படித்தான். குறுகிப்போன வழியில் உருண்டை போய் உட்கார்ந்தால் எச்சில்கூட இறங்காது.

ஒன்பது கிலோ இறங்கிய உடம்பு விரிப்பதையும் தாங்காது, தழும்பையும் சரியாக ஆற்றாது. ஆகவே சாப்பாட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். வழி திறக்கும்வரை எல்லாம் நீர்மமாக இருக்கட்டும். வெறும் கஞ்சித் தண்ணீராக இருக்க வேண்டாம். கேழ்வரகுக் கூழைப் பால் விட்டு மிக்ஸியில் அடித்து டீ வடிகட்டியில் வடித்துக் கொடுங்கள். வேகவைத்த பருப்பை நெய் விட்டு அரைத்துக் கொடுங்கள். வறுத்த நிலக்கடலையை ஊறவைத்து அரைத்த பால், வேகவைத்த முட்டையைச் சூப்போடு சேர்த்து அடித்தது, சத்துமாவு எல்லாம் போகும். பச்சை முட்டை வேண்டாம். பகலில் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை ஒரு டம்ளர் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். உட்கார்ந்தே குடிக்க வேண்டும். குடித்து இரண்டு மணி நேரம் படுக்கக் கூடாது. அமிலத்தைக் குறைக்கும் மருந்தை டாக்டர் எழுதியிருந்தால், நெஞ்செரிச்சல் இல்லையே என்று நிறுத்தாதீர்கள். மேலேறும் அமிலம் புதுத் தழும்பை மறுபடி புண்ணாக்கும். எந்த மாத்திரையையும் உலர்ந்தபடி விழுங்கக் கூடாது. பொடிக்கலாமா, சிரப்பாகக் கிடைக்குமா என்று கேட்டுச் செய்யுங்கள். சோறு இறங்கத் தொடங்கினாலும் புரோட்டா, கறித்துண்டு, முருங்கைக்காய், மீன்முள் இவற்றுக்குக் கடைசி இடம். வாரம் ஒரு நாள் எடை பார்த்து எழுதி வையுங்கள். நீர்மமும் போதுமான அளவு இறங்கவில்லை என்றால், வயிற்றின்மேல் சின்னத் துளையிட்டுச் சிறுகுடலுக்குள் குழாய் வைத்து உணவு கொடுப்பார்கள். அதைக் கேட்டால் தாய்மார்கள் அழுதுவிடுகிறார்கள். அது வாழ்நாளுக்கு இல்லை, வாய் வழி திறந்ததும் எடுத்துவிடுவது. என்னைக் கேட்டால், வற்றிப்போன பிள்ளையை விரிக்கக் கொண்டுவருவதைவிடக் குழாய் வைத்து உடம்பு தேற்றிக் கொண்டுவருவது எவ்வளவோ மேல்.

புற்றுநோய்ப் பேச்சு காஸ்டிக் சோடா போன்ற காரம் குடித்தவர்களைப் பார்த்து வந்தது. அந்தத் தழும்பில் இருபது, முப்பது ஆண்டுகள் கழித்துச் சிலருக்குப் புற்று வருவது உண்மை. உங்கள் மகனுக்கு நாற்பது வயது ஆகும்போது ஒரு எண்டோஸ்கோப்பி பார்த்துக்கொள்ளட்டும். புகையிலையும் மதுவும் அதுவரையும் வேண்டாம், அதற்குப் பிறகும் வேண்டாம். இன்றைக்கு இந்தக் கவலையைச் சுமக்க வேண்டியதில்லை.

மகன் ஏன் அப்படிச் செய்தார் என்று நீங்கள் எழுதவில்லை. நான் கேட்கவும் இல்லை. ஆனால் ஒன்று கவனித்தேன். இவ்வளவு நீளக் கடிதத்தில் அவர் சொன்னதாக இருப்பது "சோறு நெஞ்சில் நிற்கிறது" என்ற ஒரே வார்த்தைதான். பசியோடு, மற்றவர்கள் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டு, ஒவ்வொரு வாய்க்கும் தான் செய்ததை நினைத்துக்கொண்டு இருக்கிற பிள்ளை அது. உணவுக்குழாயைப் பார்க்கிற மருத்துவமனையிலேயே பெரும்பாலும் மனநலப் பிரிவும் இருக்கும். ஒவ்வொரு தடவை வரும்போதும் அங்கேயும் ஒரு எட்டுப் போய்வர வேண்டும். இரவில் பேச ஆள் வேண்டுமென்றால் டெலிமானஸ் 14416 என்ற எண்ணை அழைத்துத் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. அவருக்கு மட்டுமல்ல, நீங்களும் அழைக்கலாம். "மறுபடி அந்த எண்ணம் வருகிறதா?" என்று நேராகக் கேளுங்கள். கேட்பதால் எண்ணம் வந்துவிடாது. சொல்ல வழி கிடைக்கும். மிச்சமிருக்கும் மாத்திரை வீட்டில் இருக்கவே கூடாது. பயிற்சி பெற்றவர்கள் மேற்பார்வையில் மட்டுமே பயன்படுத்த வேண்டிய பொருள் அது. ஆட்கள் தூங்குகிற வீட்டில் வைத்தால் அதன் வாயுவே ஆபத்து. வேளாண்மை அலுவலகத்தில் கேட்டு அப்புறப்படுத்துங்கள். மூட்டைகள் வேறு கிடங்குக்குப் போகட்டும்.

விரிக்கும் மருத்துவமனைக்கு இந்த வாரமே கிளம்புங்கள். ஐ.சி.யூ.வில் இருந்தபோது கொடுத்த டிஸ்சார்ஜ் சீட்டு, டவுன் டாக்டரின் எண்டோஸ்கோப்பி ரிப்போர்ட், காப்பீட்டு அட்டை மூன்றையும் ஒரே உறையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். மகனையும் டாக்டரையும் தனியே பேச விடுங்கள். இதற்கிடையே ஒரு நாள் தண்ணீரும் இறங்காமல் எச்சிலைத் துப்பிக்கொண்டே இருந்தால் விடியட்டும் என்று இருக்காதீர்கள், 108-ஐ அழைத்துவிடுங்கள்.